மின்னல் வந்தால் பாட்டுப் பெட்டி கெடுமா?

பத்து காஜாவில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வானம் கறுக்கத் தொடங்கினால், தோட்டத்தில் வாழ்ந்து பழகிய பெரியவர்கள் செய்யும் முதல் காரியம் ஒன்று உண்டு. கொடியில் காயும் துணியை எடுப்பதற்கு முன்பே வீட்டுக்குள் வந்து வானொலியின் கம்பியைப் பிடுங்கி விடுவார்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள். "அதெல்லாம் அந்தக் காலத்துப் பயம் தாத்தா, சுவிட்சை அடைத்தால் போதும்" என்பார்கள்.

சிரிப்பவர்கள் சரியா, பிடுங்குகிறவர் சரியா? இந்தக் கேள்வியை ஓர் அரங்கில் வைத்தால் இரண்டு அணி உருவாகி விடும். "மின்னல் வீட்டில் விழுந்தால் அல்லவா சாமான் கெடும்? நம் வீட்டில் இதுவரை விழுந்ததே இல்லையே" என்பது ஓர் அணி. "பக்கத்து வீட்டிலும் விழவில்லை, நம் வீட்டிலும் விழவில்லை, ஆனாலும் புதிதாக வாங்கிய பெட்டி பேசவில்லையே" என்பது மறு அணி.

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். பெரியவர் செய்வதுதான் சரி. வீட்டுக்குள் இருக்கும் ஒலிக்கருவியை மின்னல் கெடுக்கும். அதற்கு மின்னல் வீட்டின் மேல் விழ வேண்டிய அவசியமே இல்லை. அது கம்பி வழியாக வருகிறது. அதனால்தான் எந்தெந்தக் கம்பி வழியாக வருகிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியமாகிறது. பெரியவர் பிடுங்கிய காலத்தில் வானொலிக்கு இருந்தது ஒன்றிரண்டு கம்பிகள். இன்றைய பெட்டிக்கு இருப்பது ஐந்தாறு.

இடி மிகுந்த பள்ளத்தாக்கு

உலகில் இடி மின்னல் மிகுதியாக உள்ள நாடுகளில் மலேசியாவும் ஒன்று. தீபகற்பத்தின் மேற்குக் கரையில் சில இடங்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நாள்கள் இடிச் சத்தம் கேட்கிறது. சராசரியாகப் பார்த்தால் இரண்டு நாளுக்கு ஒரு முறைக்கும் மேல். பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இது உச்சத்தை எட்டும்.

கிந்தா பள்ளத்தாக்கின் அமைப்பும் இதற்கு ஏற்றதாகவே உள்ளது. கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர். மேற்கே கிளேடாங் மலைத்தொடர். நடுவே சமவெளி, ஆறு, ஈயம் தோண்டி விட்டுப்போன குளங்கள். காலை வெயிலில் தரை சூடாகி ஈரக்காற்று மேலே எழுகிறது. மலைச்சரிவு அதை இன்னும் மேலே தூக்கி விடுகிறது. மதியம் தாண்டியதும் அது பெரிய மழைமேகமாகத் திரள்கிறது. மேகத்தின் உள்ளே பனித்துகள்கள் ஒன்றோடொன்று மோதி மின்னேற்றம் பிரிகிறது. அந்த ஏற்றம் தாங்க முடியாத அளவுக்குச் சேரும்போது மின்னலாகப் பாய்கிறது.

ஒரு சாதாரண மின்னல் வீச்சில் பாயும் மின்னோட்டம் ஏறக்குறைய 30,000 ஆம்பியர். வீட்டிலுள்ள மூன்று முனை பிளக்கின் உள்ளே இருக்கும் ஃபியூஸ் அதிகபட்சம் 13 ஆம்பியருக்கு உரியது. மின்னல் பாயும் பாதையில் காற்றின் வெப்பம் சுமார் 30,000 பாகை செல்சியஸ் வரை ஏறும். சூரியனின் மேற்பரப்பு வெப்பத்தைப் போல் ஐந்து மடங்கு அது.

வீட்டுக்குள் வரும் வழிகள்

முதல் வழி நேரடித் தாக்குதல். கூரையிலோ, கூரை மேலுள்ள அன்டெனாவிலோ, ஆஸ்ட்ரோ தட்டிலோ மின்னல் விழுவது. இது அரிது. விழுந்தால் பாட்டுப் பெட்டியைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். சுவரும் கூரையும் வயரும் சேதமாகும், தீப்பிடிக்கவும் கூடும்.

இரண்டாவது வழி மின்கம்பி. வீட்டிலிருந்து வெகு தூரத்தில் உள்ள கம்பத்தின் மேல் மின்னல் விழுந்தாலும் அதன் வேகம் கம்பி வழியே இரு பக்கமும் ஓடும். கம்பியின் மேலேயே விழ வேண்டும் என்பதும் இல்லை. பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து மரத்தில் விழுந்தால்கூட, அந்த மின்னோட்டத்தின் காந்தப்புலம் அருகில் நீண்டு செல்லும் கம்பிகளில் திடீர் மின்னழுத்தத்தை உண்டாக்கி விடும். வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். இந்தத் திடீர் அழுத்தம் சில ஆயிரம் வோல்ட் வரை எகிறலாம். ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் சில பத்துப் பங்கு நேரமே அது நிற்கும். அந்த நேரம் போதும்.

கம்பத்தில் தொங்கும் கம்பிகள் உள்ள கம்பங்களிலும் பழைய தோட்டக் குடியிருப்புகளிலும் இந்த ஆபத்து கூடுதல். புதிய தாமான்களில் கேபிள் நிலத்தடியில் போவதால் ஆபத்து குறைகிறது. முற்றாக நீங்குவதில்லை, ஏனென்றால் நிலத்தடிக் கேபிளும் எங்கோ ஓரிடத்தில் மேல்கம்பியோடு சேர்கிறது.

மூன்றாவது வழியைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. அது நிலம்.

மரத்தடியில் நின்ற மாடு

மழைக்கு மரத்தடியில் ஒதுங்கிய மாடுகள் மின்னலில் கூட்டமாக மடிந்த செய்தி தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குப் புதிதல்ல. மின்னல் விழுந்தது மரத்தில். மாடு ஏன் செத்தது? மரத்தின் வழியே இறங்கிய மின்னோட்டம் நிலத்தில் நாலாபுறமும் பரவுகிறது. மரத்துக்கு அருகே நிலத்தின் மின்னழுத்தம் அதிகம். தள்ளிப் போகப் போகக் குறைவு. மாட்டின் முன்னங்காலும் பின்னங்காலும் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. இரண்டு கால்களுக்கும் இடையே அழுத்த வேறுபாடு ஏற்பட்டு, மின்னோட்டம் ஒரு காலில் ஏறி, உடலைக் கடந்து, மறு காலில் இறங்குகிறது.

வரவேற்பறையில் உள்ள பாட்டுப் பெட்டியின் நிலைமையும் இந்த மாட்டின் நிலைமைதான். அதன் ஒரு கால் மின்சார பிளக்கில் இருக்கிறது. இன்னொரு கால் டிகோடர் வழியாகக் கூரை மேலுள்ள ஆஸ்ட்ரோ தட்டில் இருக்கிறது. வேறொரு கால் தொலைக்காட்சி வழியாக அன்டெனாவில். செம்புத் தொலைபேசிக் கம்பி உள்ள வீட்டில் மோடம் வழியாக இன்னொரு கால். தூரத்தில் மின்னல் விழும்போது இந்தக் கம்பிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே அழுத்தத்தில் இருப்பதில்லை. அந்த வேறுபாட்டைச் சமன் செய்ய மின்னோட்டம் ஒரு கம்பியில் ஏறி, கருவியின் உள்ளே புகுந்து, மறு கம்பியில் இறங்குகிறது.

குளிர்சாதனப் பெட்டிக்கும் மின்விசிறிக்கும் ஒரே ஒரு கம்பிதான். வீட்டிலேயே பல கம்பிகள் வந்து கூடும் இடம் தொலைக்காட்சி மேசைதான். இடி இடித்த மறுநாள் பழுது பார்க்கும் கடைக்கு டிகோடரும் ஆம்ப்ளிஃபையரும் முதலில் போய்ச் சேர்வதற்கு இதுவே காரணம்.

உள்ளே என்ன நடக்கிறது?

பழைய வால்வு வானொலி இப்படி எளிதில் சாகாது. வால்வுகள் இயல்பாகவே சில நூறு வோல்ட்டில் வேலை செய்பவை. கனமான இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று மின்சாரத்துக்கும் கருவிக்கும் நடுவே காவலாக நின்றது. ஒரு நொடி அடியைத் தாங்கிக்கொண்டு மறுபடியும் பாடும்.

இன்றைய ஹோம் தியேட்டரின் உள்ளே இருப்பவை 3.3 வோல்ட்டிலும் 5 வோல்ட்டிலும் இயங்கும் சில்லுகள். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய படலங்களால் ஆனவை. அந்தப் படலத்தைத் துளைக்க ஆயிரம் வோல்ட் தேவையில்லை. எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகும் இடம் இதில் மிகவும் பலவீனமானது. "பெட்டி எரிகிறது, விளக்கு தெரிகிறது, ஆனால் டிகோடரிலிருந்து மட்டும் சத்தம் வரவில்லை" என்றால் பெரும்பாலும் அடி விழுந்தது அங்கேதான்.

அடுத்து அடிபடுவது மின்வழங்கிப் பகுதி. பிளக்கிலிருந்து வரும் மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக மாற்றும் டயோடுகளும் கெப்பாசிட்டர்களும் அங்கே இருக்கின்றன. ரிமோட் பொத்தானில் அடைத்து வைத்திருந்தாலும் இந்தப் பகுதிக்கு மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கும். சிவப்பு விளக்கு எரியும் வரையில் கருவி கம்பியோடு தொடர்பில் இருக்கிறது என்று பொருள்.

ஸ்பீக்கர் நேரடியாக மின்னலால் கெடுவது குறைவு. ஆனால் ஆம்ப்ளிஃபையரின் கடைசிக் கட்ட டிரான்சிஸ்டர் உருகி ஒட்டிக்கொண்டால் நேர்மின்னோட்டம் ஸ்பீக்கருக்குள் பாய்ந்து அதன் சுருளை எரித்துவிடும். கருகிய வாடை வந்தால் உடனே பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

இன்னொன்று: எல்லாச் சேதமும் அன்றைக்கே தெரிவதில்லை. அரைகுறையாகக் காயப்பட்ட சில்லு சில வாரங்கள் ஓடிவிட்டு, வெயில் நாள் ஒன்றில் திடீரென்று நின்றுபோகும். மழையே இல்லாத நாளில் கெட்டதால் மின்னல் மீது யாருக்கும் சந்தேகம் வராது.

மின்னல் மட்டுமா?

மின்னழுத்தம் எகிறுவதற்கு மின்னல் ஒன்றே காரணமல்ல. பெரிய மோட்டார்கள் நிற்கும்போதும், மின்தடைக்குப் பின் மின்சாரம் திரும்பும்போதும் அழுத்தம் துள்ளும். 1992 செப்டம்பர் 29ஆம் தேதி தீபகற்ப மலேசியா முழுவதும் இருளில் மூழ்கியது. மின்கடத்தும் அமைப்பை மின்னல் தாக்கியதே அதற்குக் காரணம். 1996 ஆகஸ்டு 3ஆம் தேதி மாலை திரெங்கானு, பாக்கா மின்நிலையத்தின் அருகே தொடங்கிய கோளாறு மீண்டும் தீபகற்பம் முழுவதையும் இருட்டாக்கியது. இப்படிப்பட்ட வேளைகளில் மின்சாரம் திரும்பி வரும் முதல் சில நிமிடங்கள்தான் கவனிக்க வேண்டியவை. வீதியிலுள்ள எல்லா வீட்டுக் குளிர்சாதனங்களும் ஒரே நேரத்தில் இழுக்கும். அழுத்தம் இறங்கும், ஏறும். மின்சாரம் வந்து ஐந்து பத்து நிமிடம் நிலையான பிறகு ஒலிக்கருவியை மாட்டுவதே நல்லது.

இதைவிடக் கொடியது நியூட்ரல் கம்பி தளர்வது. வீதியில் வருவது மூன்று மின்கம்பிகள். மூன்றுக்கும் பொதுவாக ஒரு நியூட்ரல். அது அறுந்தாலோ தளர்ந்தாலோ ஒரு வீட்டில் விளக்கு மங்கும், அடுத்த வீட்டில் பிரகாசமாகும். பிரகாசமான வீட்டில் 230 வோல்ட்டுக்குப் பதில் 400 வோல்ட்டை நெருங்கும் அளவுக்கு அழுத்தம் ஏறியிருக்கலாம். மின்னலைப் போல் இது நொடியில் போய்விடாது, நிமிடக்கணக்கில் நிற்கும். விளக்கு காரணமில்லாமல் மங்கி மங்கிப் பிரகாசித்தால் மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு, தெனாகா நேஷனலின் 15454 எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

"ஃபியூஸ் இருக்கிறதே!"

இதுதான் அடிக்கடி எழும் வாதம். ஃபியூஸ் உருகுவதற்கும், டி.பி. பெட்டியிலுள்ள பிரேக்கர் விழுவதற்கும் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்காவது வேண்டும். மின்னல் அழுத்தம் அதற்குள் வந்து, வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். இ.எல்.சி.பி. என்று பலரும் அழைக்கும் கசிவுத் தடுப்பான், மனிதர்களை மின் அதிர்ச்சியிலிருந்து காப்பதற்காக வைக்கப்பட்டது. இடி இடித்ததும் அது விழுவது வழக்கம். விழுந்ததால் கருவிகள் தப்பித்தன என்று பொருளல்ல.

சுவிட்சை அடைத்தால் போதாதா? போதாது. சாதாரணச் சுவர் சுவிட்ச் ஒரு கம்பியை மட்டும் துண்டிக்கிறது. நியூட்ரலும் நிலக்கம்பியும் தொடர்பில்தான் இருக்கும். சுவிட்சின் உள்ளே இருக்கும் இடைவெளியும் சில மில்லிமீட்டர்தான். மேகத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்து வந்த மின்னலுக்கு அது ஒரு தடையா?

சர்ஜ் புரொடெக்டர் என்று கடைகளில் விற்கும் நீட்டிப்புப் பலகையின் உள்ளே துத்தநாக ஆக்சைடால் செய்த வில்லை ஒன்று இருக்கும். அழுத்தம் எல்லை மீறும்போது அது தன்னைத் திறந்து, கூடுதல் மின்னோட்டத்தை வேறு வழியில் திருப்பிவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மூன்று குறைகள். ஒன்று, நிலக்கம்பி சரியாக இல்லாத வீட்டில் அது பாதி வேலைதான் செய்யும், திருப்பிவிட வழியில்லை. இரண்டு முனை பிளக்கைக் குச்சி வைத்துக் குத்திச் செருகும் பழக்கம் உள்ள வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு, ஒவ்வோர் அடிக்கும் அந்த வில்லை தேய்கிறது. பாதுகாப்பு விளக்கு அணைந்துவிட்டால் அது வெறும் நீட்டிப்புப் பலகை. மூன்று, மின்கம்பி வழியை மட்டும் காத்துவிட்டு ஆஸ்ட்ரோ கேபிளைத் திறந்து விட்டால், முன்வாசலைப் பூட்டிப் பின்வாசலைத் திறந்து வைத்த கதைதான்.

ஸ்டெபிலைசரும் இதற்கு மாற்றல்ல. அது மெதுவாக ஏறி இறங்கும் மின்னழுத்தத்தைச் சீராக்குவது. மின்னலின் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது.

செய்ய வேண்டியவை

காசு செலவில்லாத வழி முதலில். தொலைக்காட்சி, டிகோடர், ஆம்ப்ளிஃபையர், மோடம் எல்லாவற்றையும் தரமான ஒரே நீட்டிப்புப் பலகையில் மாட்டிக்கொண்டால், பிடுங்க வேண்டியது ஒரே பிளக். அதோடு டிகோடரின் பின்னால் உள்ள தட்டுக் கேபிளையும், அன்டெனாக் கம்பியையும், செம்புத் தொலைபேசிக் கம்பி இருந்தால் அதையும் கழற்ற வேண்டும். ஒளியிழை இணையம் உள்ள வீட்டில் கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. மோடத்தின் மின்கம்பியைப் பிடுங்கினால் போதும். புளூடூத் ஸ்பீக்கரை மின்னேற்றியிலிருந்து எடுத்துவிட்டால் அது தப்பித்துவிடும்.

எப்போது பிடுங்குவது? முதல் இடி காதில் விழுந்த உடனே. மின்னலைப் பார்த்ததிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணி, மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கணக்கு வரும். 30 விநாடி என்றால் 10 கிலோமீட்டர். அதற்குள் வந்துவிட்டால் ஆபத்து எல்லைக்குள் இருப்பதாகக் கொள்ள வேண்டும். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், காலையில் கதவைப் பூட்டும் முன் பிளக்கைப் பிடுங்குவது வழக்கமாக வேண்டும். பத்து காஜாவின் இடி வேலை முடியும் வரை காத்திருப்பதில்லை.

செலவு செய்ய முடிந்தவர்கள் டி.பி. பெட்டியிலேயே மின்னழுத்தத் தடுப்பான் பொருத்திக்கொள்ளலாம். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனைக் கொண்டே செய்ய வேண்டும். அப்போதே வீட்டின் நிலக்கம்பியையும் அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும். பழைய தோட்ட வீடுகளிலும், கட்டி முப்பது நாற்பது ஆண்டுகள் ஆன தாமான் வீடுகளிலும் நிலத்தில் அடித்த கம்பி துருப்பிடித்துப் பெயரளவில் மட்டும் இருப்பதுண்டு. ஆஸ்ட்ரோ தட்டுக்கென்று தனியாக ஒரு கம்பியை நிலத்தில் அடித்து, அதை வீட்டின் நிலக்கம்பியோடு இணைக்காமல் விடுவது தவறு. மாட்டின் கால்களை இன்னும் அகலமாக வைப்பதற்குச் சமம் அது.

வீட்டுக் காப்புறுதி வைத்திருப்பவர்கள் பத்திரத்தை ஒரு முறை எடுத்துப் படிப்பது நல்லது. தீயோடு மின்னலும் அதில் சேர்ந்திருப்பது வழக்கம். ஆனால் மின்கருவிக்கு ஏற்படும் மின்பழுதுக்கு விலக்கு எழுதியிருக்கலாம். கடையில் கொடுக்கும் உத்தரவாத அட்டையிலும் மின்னல் சேதம் சேர்வதில்லை என்ற வரி பெரும்பாலும் சிறிய எழுத்தில் இருக்கும்.

பெட்டியை விட்டுவிடுங்கள்

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது. தலைக்கு மேல் இடி இடித்துக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்க ஓடக் கூடாது. பிடுங்குகிற கைதான் அப்போது மாட்டின் கால். நேரம் தவறிவிட்டால் பெட்டி போனால் போகட்டும் என்று விட்டுவிட வேண்டும்.

பிறந்தநாள், தீபாவளி விருந்து என்றால் மாலையில் கரோக்கே இல்லாமல் இருக்காது. கம்பி உள்ள மைக்கைக் கையில் பிடித்துப் பாடுகிறவர் ஆம்ப்ளிஃபையர் வழியாக வீதியிலுள்ள மின்கம்பியோடு தொடர்பில் நிற்கிறார். கம்பி உள்ள ஹெட்ஃபோனும் அப்படித்தான். முதல் இடி கேட்டதும் பாட்டை நிறுத்திவிட்டு மைக்கைக் கீழே வைக்கச் சொல்ல வேண்டும். குழந்தைகள் கையில் இருந்தால் வாங்கி வைக்க வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத் தொடங்கினாலும் பாட்டு அதே பாட்டுதான்.

ஒரு பெட்டி கெட்டால் போவது சில நூறு வெள்ளி மட்டும் என்று நினைப்பவர்களும் உண்டு. ஆனால் எத்தனையோ வீடுகளில் மறைந்துபோன அம்மாவின் குரலும், தாத்தாவின் தேவாரமும், பிள்ளையின் முதல் மழலையும் அந்தப் பெட்டியோடு இணைந்த ஹார்ட் டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கின்றன. அவற்றுக்குக் கடையில் மாற்று இல்லை. அத்தகைய பதிவுகளை வேறோர் இடத்தில் ஒரு பிரதி எடுத்து, எந்தக் கம்பியிலும் மாட்டாமல் அலமாரியில் வைத்திருப்பதே உறுதியான காப்பு.

மலேசியத் தமிழர்கள் கேட்டு மகிழும் வானொலிக்கு மின்னல் என்றே பெயர். அந்த மின்னல் வீட்டுக்குள் வரட்டும். வானத்து மின்னல் வெளியிலேயே நிற்கட்டும். இனி வானம் கறுத்ததும் தாத்தா எழுந்து போனால், பேரப்பிள்ளைகள் சிரிக்காமல் கூடவே போய் ஆஸ்ட்ரோ கேபிளைக் கழற்றிக் கொடுக்கலாம். அவர் மறந்துவிடக் கூடியது அந்த ஒரு கம்பியைத்தான்.